நான்காம் கம்பத்துத் தங்கமாரி

தங்கமாரியை எனக்கு முதல் மூன்று மாதம் பிடிக்கவில்லை. பின்னால் ஒருநாள் அவளிடமே இதைச் சொன்னேன். "தெரியும் சார்" என்றாள், அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு. நானோ காலையில் குளிக்கும்போதே யாரைத் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டு கிளம்புகிற ஆள். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிருந்தால்தான் ஆச்சரியம். இருந்தாலும் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் செய்த காரியத்தில் என் பங்கு பெருமைப்படும்படி இல்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் பெயர் ஹேமந்த். இருங்காட்டுக்கோட்டைக்காரன். 'விண்தடம்' என்ற சின்னக் கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறேன். சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் பக்கம் போகிற வழியில், தண்ணீர் வற்றிய ஒரு ஏரிக்கரையை ஒட்டி எங்கள் ஷெட். ஒரு கிடங்கிலிருந்து இன்னொரு கிடங்குக்கு அவசர உதிரிபாகங்களை ட்ரோனில் அனுப்புவது எங்கள் தொழில். ஒரு ட்ரோனைப் பறக்கவிடுவது இன்று கல்யாண வீட்டு வீடியோக்காரர்கூடச் செய்கிற காரியம். ஒரே தடத்தில் நான்கை, பத்தை, வரிசை கலையாமல் விடுவதுதான் கஷ்டம். மீனம்பாக்கத்தில் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் விமானிகளோடு பேசிப் பேசி இடைவெளி காக்கிறார்கள். ட்ரோனில் பேசுவதற்கு ஆள் கிடையாது. அந்தக் கோபுரத்து வேலையை என் மென்பொருள் செய்கிறது.

எப்படியென்றால், ஒவ்வொரு ட்ரோனும் தான் இருக்கும் இடத்தை மொபைல் நெட்வொர்க் வழியாகச் சொல்லிக்கொண்டே வரும். பின்னால் வருவது முன்னால் போவதை நெருங்கினால் மென்பொருள் அதன் வேகத்தைக் குறைக்கும், பின்தங்கினால் கூட்டும், பிறகு மறுபடி இடத்தைக் கேட்கும். இரண்டுக்கும் நடுவே எப்போதும் நூற்றைம்பது மீட்டர் இருக்க வேண்டும். பார்ப்பது, திருத்துவது, திருத்தியது சரியா என்று மறுபடி பார்ப்பது. கட்டுப்பாட்டியல் என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததன் சாரம் இவ்வளவுதான். பார்ப்பதில் பிசகினால் திருத்துவதும் பிசகும். இதைத் தேர்வில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான்.

எங்கள் வாடிக்கையாளர் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனி. மென்பொருளை மட்டும் நம்ப அவர்கள் தயாராக இல்லை, மனிதக் கண்ணும் வேண்டும் என்றார்கள். அதனால் தடத்துக்குக் கீழே ஆறு கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒருவராக ஆறு பேரை நிறுத்தினோம். தலைக்கு மேல் ட்ரோன் தாண்டுகிற நொடியில் டேப்லெட்டில் இருக்கும் பொத்தானை அவர்கள் அழுத்த வேண்டும். மென்பொருள் கணித்த நேரமும் அவர்கள் அழுத்திய நேரமும் ஒத்துப்போனால் பச்சை. ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. அந்த வித்தியாசத்தை வைத்து மென்பொருள் தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். வெயிலில் நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாமே என்று நான் ஒரு வசதியும் செய்து கொடுத்தேன். ட்ரோன் தாண்டப் போவதாக மென்பொருள் நினைக்கும் நேரத்தில் டேப்லெட்டில் ஒரு பஸ்ஸர் அடிக்கும். இதைவிட முட்டாள்தனமான ஒன்றை நான் என் வாழ்நாளில் செய்ததில்லை.

தங்கமாரி நான்காம் கம்பம். விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் அவளுக்கு. அப்பா உச்சிமாகாளி, விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போட்டு, கரி மூட்டை ஏற்றுகிறவர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஆள் எடுக்க வேன் வந்திருக்கிறது. பதினான்கு பெண்களோடு அதில் ஏறி வந்தவள். அப்போது வயது பத்தொன்பது. அடுத்த ஏழு வருடம் ஒரே இடத்தில் நின்று, போனின் பின்பக்கத்தில் மூன்று ஸ்க்ரூ முடுக்கி, ஓகே பொத்தானை அழுத்தினாள். ஒரு போனுக்கு இருபத்திரண்டு நொடி.

ஏழாவது வருடம் அவள் நின்ற இடத்துக்கு ஒரு இயந்திரக் கை வந்தது. அதை ஓட்டிப் பழக்க வந்த டெக்னீஷியனுக்கு எந்த ஸ்க்ரூ வழுக்கும், எதை லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்று இரண்டு வாரம் பக்கத்தில் நின்று சொன்னதும் அவள்தான். மூன்றாவது வாரம் ஒப்பந்தம் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. "என்னவிட நல்லாத்தான் செஞ்சுது சார். நடுவுல மூக்கு சொறியாதுல்லா" என்றாள். அதன் பிறகு ஒரு டயர் கம்பெனி கேன்டீன், ஒரு கிடங்கில் பேக்கிங் என்று மூன்று வருடம். எல்லாமே ஒப்பந்த வேலை. பத்து வருடத்தில் நிரந்தரம் என்று எழுதிய ஒரு தாளிலும் அவள் பெயர் வந்ததில்லை. சுங்குவார்சத்திரத்தில் இரண்டு பெண்களோடு ஒரு அறையில் இருந்தாள்.

மற்ற ஐந்து பேரும் அவளைப்போலவே ஆலைகளிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களில் மூத்தவர் மூன்றாம் கம்பத்துப் பிச்சையா. சாத்தூர்க்காரர், நாற்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள். பதினெட்டு வருடம் இரும்புத் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் இருந்தவர். எல்லோரும் ஒழுங்கானவர்கள், நேரம் தவறாதவர்கள். இப்படிப்பட்ட ஆட்கள் கிடைத்தது நம் அதிர்ஷ்டம் என்று கம்பெனியை நடத்துகிற சசிகலா மேடம் அடிக்கடி சொல்வார்.

இந்த ஒழுங்கான ஆட்களிடம் ஆலையிலிருந்து வந்த ஒரு வழக்கம் இருந்தது. எனக்கு அது தெரியாது. லைன் என்கிற உற்பத்தி வரிசையில் பஸ்ஸர் அடிக்கும்போது ஓகே அழுத்தியாக வேண்டும். ஒருவர் தாமதித்தால் அவருடைய இடத்தில் சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் வருவார், எல்லோருடைய டீ நேரமும் போகும். அதனால் வேலை முடிந்ததோ இல்லையோ, பஸ்ஸர் அடித்ததும் ஓகேயை அழுத்திவிட்டு, மிச்சத்தை அடுத்த ஐந்து நொடியில் முடித்துக்கொள்வார்கள். இதற்கு "பஸ்ஸருக்குக் கை கொடுக்கிறது" என்று பெயர். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பக்கத்தில் நிற்பவளைக் காப்பாற்றுகிற காரியம் அது. புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்களாம்.

எங்கள் கம்பத்திலும் பஸ்ஸர் அடித்தது. ஆறு பேரும் கை கொடுத்தார்கள்.

மே மாதம் மூன்று வாரம் சோதனை ஓடியது. என் திரை முழுக்கப் பச்சை. வித்தியாசம் சராசரியாகக் கால் நொடிகூட இல்லை. நான் அந்த அறிக்கையை அம்மாவிடம்கூடக் காட்டினேன். என்ன புரிந்ததோ, "நல்லா கீதுப்பா" என்றாள். நான்காம் வாரம் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாடிக்கையாளர் முன்னால் இறுதிச் சோதனை. அது தேறினால் ஆறு பேரையும் நிரந்தரமாக்குவேன், ஒருவரை ட்ரோன் ஓட்டும் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்புவேன் என்று சசிகலா மேடம் எல்லோரையும் கூட்டிச் சொன்னார். தேறாவிட்டால் மாதக் கடைசியோடு ஒப்பந்தம் முடியும். பயிற்சிக்கு யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சாப்பாட்டு வேளையில் ட்ரோன் ஓட்டுகிற பையன்களிடம் கேட்டுக் கேட்டு, தங்கமாரி ஒரு நோட்டில் பாதியை நிரப்பியிருந்தாள்.

அந்த வாரத் திங்கள்கிழமை மதியம் இரண்டு மணிக்கு விஷயம் தொடங்கியது. நான்காம் கம்பம், அவள் முன்பு வேலை பார்த்த ஆலையின் கேட்டுக்குப் பக்கத்து ரோட்டோரத்தில் நின்றது. தடம் அந்த ரோட்டைக் குறுக்கே தாண்டிப் போகும். இரண்டு மணிக்கு ஷிப்ட் விடுகிற சங்கு ஊதியதும், பழைய தோழிகள் யாராவது வருகிறார்களா என்று அவள் தலையைத் தூக்கினாள். ட்ரோன் அவள் தலையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் பஸ்ஸர் அடித்தது. பழக்கதோஷத்தில் கை கொடுத்துவிட்டாள். டேப்லெட்டில் பச்சை எரிந்தது.

செவ்வாய்க்கிழமை அவள் பஸ்ஸரைக் கவனிக்கவில்லை. அண்ணாந்து பார்த்து, ட்ரோன் தாண்டும்போது அழுத்தினாள். காலையில் எல்லாம் பச்சை. இரண்டு மணிக்கு மேல் சிவப்பு, சிவப்பு, சிவப்பு. மூன்று நொடி முன்கூட்டியே என்று என் திரையில் வந்தது. நான் வாக்கிடாக்கியை எடுத்தேன்.

"இன்னா தங்கமாரி, தூங்கிகினு கீறியா? எல்லாம் பச்சையா வர சொல்லோ உன் கம்பம் மட்டும் இன்னாத்துக்கு சிவப்பு?"

"நா பாத்துத்தான் அழுத்துதேன் சார். அது முன்னாடியே போயிருது."

"மத்த அஞ்சு பேருக்கும் கண்ணு இல்லையா?"

 மற்ற ஐந்து பேரும் அந்த வாக்கிடாக்கியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. புதன்கிழமையும் அதே சிவப்பு. ஐந்து கம்பம் ஒன்று சொல்கிறது, ஒரு கம்பம் வேறு சொல்கிறது என்றால், என்னைப் போன்ற படித்தவன் என்ன செய்வான்? அந்த ஒன்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவான். நான்காம் கம்பத்தின் பதிவுகளை அறிக்கையிலிருந்து நீக்கினேன். அறிக்கை மறுபடி பளிச்சென்று ஆனது.

அன்று சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றாள்.

"சார், நாங்க மூணு வாரமா அழுத்துனது பூராம் பொய்" என்றாள்.

பஸ்ஸருக்குக் கை கொடுக்கிற கதையை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். யாரையும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கவில்லை. "நானும்தான் சார். திங்கக்கெழம வரைக்கும் நானும் அப்படித்தான்" என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இன்னும் ஒரே நாள்தான் இருக்கிறது. என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய், உன் கம்பத்தில் இருக்கிற கோளாறுக்கு எல்லோரையும் பொய்யர் என்கிறாயா என்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும் வரை அவள் நின்றாள்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு நீங்க வந்து நாலாம் கம்பத்துல நில்லுங்க. நா சொன்னது தப்புன்னா நாளன்னைக்கு வேலைக்கு வரல."

அவள் தப்பு என்று நிரூபிக்கத்தான் வியாழக்கிழமை போனேன். டேப்லெட்டை நான் வாங்கிக்கொண்டேன். ஒன்று ஐம்பதுக்கு ட்ரோனும் பஸ்ஸரும் ஒன்றாக வந்தன. திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தேன்கூட. இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. கேட் திறந்து நீலச் சட்டையும் ரோஸ் சட்டையுமாக ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தார்கள். இரண்டு ஐந்துக்கு ஒரு ட்ரோன் என் தலையைத் தாண்டியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பஸ்ஸர் அடித்தது. அடுத்த ட்ரோன் முன்னதோடு ரொம்பவே நெருங்கி வந்து, சட்டென்று வேகம் குறைந்து, மறுபடி பாய்ந்தது.

"எப்படி?" என்று வாய்விட்டுக் கேட்டேன். அவள் கேட்டைக் காட்டினாள்.

"உள்ள போன் கொண்டுபோவக்கூடாது சார். லாக்கர்ல வச்சுட்டுப் போவோம். ரெண்டு மணிக்கு வெளிய வந்ததும் அத்தன பேரும் போன ஆன் பண்ணுவோம். அம்மாவுக்குப் பேசணும்லா. அரை மணி நேரத்துக்கு யாருக்கும் லைன் கெடைக்காது, ஒரு மெசேஜ் போவாது. உங்க ட்ரோனும் அந்த டவர்லதான பேசுது?"

நான் அந்த இடத்திலேயே ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நெரிசலில் ட்ரோனின் செய்தி மூன்று நொடி தாமதமாக வந்திருக்கிறது. செய்தி கிளம்பிய நேரத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தால் மென்பொருளுக்குத் தெரிந்திருக்கும். செய்தி சின்னதாக இருக்கட்டும் என்று அதை வெட்டியவன் நான். போனில் குரல் தாமதமாகக் கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஒரே நேரத்தில் நிறுத்துவோம், மறுபடி ஒரே நேரத்தில் தொடங்குவோம் அல்லவா? என் மென்பொருள் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. பழைய இடத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டியது, பிறகு பதறிப்போய்க் குறைத்தது. இந்தத் தவறைக் காட்டுவதற்கென்றே நிறுத்தப்பட்ட ஆறு பேரும், நான் வைத்த பஸ்ஸரைக் கேட்டு, என் கணிப்பையே எனக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது நான் செய்திருக்க வேண்டியது என்ன என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் செய்யவில்லை. இறுதிச் சோதனை காலை பதினொரு மணிக்கு, அப்போது நெரிசல் கிடையாது, எல்லாம் பச்சையாகவே வரும். "வெள்ளிக்கிழமை முடியட்டும் தங்கமாரி. திங்கக்கிழமை நானே உக்காந்து சரி பண்ணிட்றேன். உங்க வேலையும் பர்மனென்ட் ஆயிடும்" என்றேன். 

"சரி பண்ணுங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில், மறுநாள் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து பிச்சையா அவளைப் பிடித்துக்கொண்டதைப் பிறகு இருவருமே என்னிடம் சொன்னார்கள்.

"ஏ பிள்ள, உனக்கு இருபத்தொம்பது வயசு. இது போனா இன்னொண்ணு. என்னைய இனி எவன் எடுப்பான்? ஆறு குடும்பத்த நடுத்தெருவுல விட்டுட்டு நீ என்னத்த கட்டிக்கிடப் போற?"

"எனக்கும் இது வேணும் அண்ணாச்சி. உங்களவிட எனக்கு வேணும்."

"பெறகென்ன?"

"பதினொரு கிலோ அண்ணாச்சி, ஒரு ட்ரோனு. ரெண்டு மணிக்கு அந்த ரோட்டுல யாரு வருவா? நம்ம கூட நின்ன பிள்ளைகதான வரும். ஒண்ணோட ஒண்ணு மோதிட்டுனா யார் தலையில விழும்?"

பிச்சையா டீக் கிளாஸை வைத்துவிட்டு, அவளிடம் இனிப் பேச்சு இல்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ரகுபதி என்ற பாதுகாப்பு அதிகாரி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசாதவர். சோதனை நடந்தது. நான்கு ட்ரோனும் நூல் பிடித்தாற்போல் போயின. ஆறு கம்பமும் பச்சை, நான்காம் கம்பமும்தான். சசிகலா மேடம் என் தோளைத் தட்டினார். ரகுபதி தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். 'கடந்த இருபத்துமூன்று வேலை நாளும் ட்ரோன் கம்பத்தைத் தாண்டியதை என் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தேன்' என்று அச்சடித்திருந்தது. ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பிச்சையா போட்டார். அவருக்குப் பின்னால் நால்வரும் போட்டார்கள். யூனிபார்ம் வாங்கும்போது போடுவதுபோல, யாரும் படிக்கவில்லை. தங்கமாரி தாளை எடுத்துப் படித்தாள். பேனாவைத் திறந்து, 'இருபத்துமூன்று' என்பதை அடித்து, மேலே 'நான்கு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டாள். ரகுபதி தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"நாலு நாளாத்தான் சார் நா பாத்து அழுத்துதேன். அதுக்கு முன்னாடி பஸ்ஸரு அடிச்சதும் அழுத்திருவேன். லைன்ல அப்படித்தான் பழக்கம். மத்தவங்களுக்கும் இங்கன பாத்துத்தான் அழுத்தணும்னு யாரும் வெவரமா சொல்லல."

சசிகலா மேடத்தின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் மட்டும் கேட்டது. "தங்கமாரி, யோசிச்சுப் பேசுங்க. இன்னைக்கு எல்லாம் சரியாத்தானே வந்துச்சு?"

"காலைல சரியா வரும் மேடம். ரெண்டு மணிக்கு வராது."  அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "எங் கண்ணுக்குத்தான் சம்பளம் குடுக்கீக. பாக்காததப் பாத்தேன்னு எழுதிக் குடுத்துட்டு நிரந்தரம்னு ஒரு தாள வாங்குனா, அது எனக்கு எதுக்கு?"

ரகுபதி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அந்தம்மா சொல்றது உண்மையா?"

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அவள் புதிது, அவள் கம்பத்தில் கோளாறு, பதிவை நீக்கிவிட்டோம் என்று சொல்ல நான்கு வார்த்தை போதும். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. என்னிடமிருந்து எதையும் அவள் எதிர்பார்க்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அது எனக்கு வலித்தது.

"உண்மைதான் சார். நேத்து நானே போய்ப் பாத்தேன்" என்றேன்.

"நேத்தா?" என்று கேட்டார் ரகுபதி.  

தாளை மடித்துப் பையில் வைத்தார். ஆறு வாரம் தருகிறேன், அடுத்த சோதனை மதியம் இரண்டு மணிக்கு என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். சசிகலா மேடம் ஆறு வாரத்துக்கு மட்டும் ஒப்பந்தத்தை நீட்டினார். நிரந்தரம் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. சாயங்காலம் வேனில் ஐந்து பேரும் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். தங்கமாரி முன் சீட்டில் தனியாக உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள் என்று டிரைவர் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்தியோடு நேரத்தையும் சேர்த்தேன். செய்தி தாமதித்தால் மென்பொருள் தானாகவே இடைவெளியை அதிகமாக்கும்படி மாற்றி எழுதினேன். ஆறாவது வாரம் இரண்டு மணிக்கு, சங்கு ஊதி கேட் திறந்து அத்தனை போனும் உயிர்பெற்ற நேரத்தில், சோதனை தேறியது. ஆறு பேருக்கும் நிரந்தர ஆணை வந்தது. தங்கமாரி பயிற்சி முடித்து இப்போது சான்றிதழோடு ட்ரோன் ஓட்டுகிறாள். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இதெல்லாம் இல்லை. அந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமைதான்.

சனிக்கிழமை காலை முதல் வேலையாகப் பஸ்ஸரை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தங்கமாரி வேண்டாம் என்றாள். "இருக்கட்டும் சார். அது அடிக்கிறதுக்குக் காத்திருக்காம அழுத்துதோமான்னு பாருங்க. அப்பத்தான் எங்கள நம்ப முடியும்." எங்களை என்றுதான் சொன்னாள். அந்த ஐந்து பேரில் ஒருவரும் காலையிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று ட்ரோன்களில் பெட்டி இல்லை. இடைவெளியை இரண்டு மடங்காக்கி, ரோட்டைத் தாண்டாமல் ஏரிக்குள்ளேயே திரும்பும்படி தடத்தை மாற்றியிருந்தேன். மூன்றாம், நான்காம் கம்பங்களையும் ஏரிக்குள் தள்ளி நட்டிருந்தோம். இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கம்பம் பச்சை. இரண்டாம் கம்பம் பச்சை. அவை உண்மையான பச்சையா, கை கொடுத்த பச்சையா என்று எனக்குத் தெரியவில்லை. பிச்சையா என்ன செய்யப்போகிறார் என்று காத்திருந்தேன். பதினெட்டு வருடம் பஸ்ஸருக்கு அழுத்திய கை அது. அவருக்கு அவள் மேல் இருந்த கோபமும் நியாயமானதுதான்.

மூன்றாம் கம்பத்தில் பஸ்ஸர் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அதற்கு முன்பே திரையில் சிவப்பு விழுந்தது. வாக்கிடாக்கி கரகரத்தது.

"ஏ தங்கமாரி" என்றது பிச்சையாவின் குரல். "ரெண்டாவதா வந்தது பஸ்ஸருக்கு முன்னாடியே என்னத் தாண்டிட்டு. மூணு செகண்ட் இருக்கும். உங்கிட்ட வருது, பாத்துக்கோ."

 ட்ரோன் நான்காம் கம்பத்தை நெருங்கியதும் அவள் குரல் கேட்டது.

"பாத்துட்டேன் அண்ணாச்சி. முன்னாடி போறத ரொம்ப நெருங்குது. சார், நிறுத்துங்க."

என் திரையில் இடைவெளி இன்னும் இருநூற்றெழுபது மீட்டர் என்று பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. நான் நிறுத்தினேன்.